புளித்தால் சீனி இல்லையா? பச்சை ஆப்பிள் தின்பவர்கள் கவனத்திற்கு



இரவுச் சந்தையில் பழக்கடை முன் நின்று பாருங்கள். இனிப்பு நீர் உள்ளவர்கள் சிவப்பு ஆப்பிளைத் தொடமாட்டார்கள். பச்சை ஆப்பிளாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். கேட்டால், "சிவப்பிலே சீனி இருக்கு. இது புளிக்குமே, எத்தனை தின்னாலும் ஒண்ணும் செய்யாது" என்பார்கள். இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. அந்தக் கொஞ்சத்தை நம்பி மீதியைக் கோட்டை விடுவதால்தான் ஆபத்து வருகிறது.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த தேசிய நல ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே நாம் வாயில் போடுவது எது என்று தெரிந்துகொள்வது நல்லது.

புளிப்பு எங்கிருந்து வந்தது?

ஆப்பிளுக்குத் தாய்வீடு மத்திய ஆசியாவிலுள்ள தியான் ஷான் மலைத்தொடர். கஸாக்ஸ்தான் நாட்டின் அல்மாட்டி நகரை அடுத்த மலைச் சரிவுகளில் காட்டு ஆப்பிள் மரங்கள் இன்றும் நிற்கின்றன. 1929-இல் அங்கே போன ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் வாவிலோவ், ஆப்பிள் பிறந்த இடம் இதுதான் என்று முடிவுகட்டினார். பிற்காலத்து மரபணு ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது. அந்தக் காட்டில் ஒரு மரத்துப் பழம் தேனாக இருக்கும். பக்கத்து மரத்துப் பழம் பல் கூசப் புளிக்கும். அடுத்தது கசக்கும்.

ஏன் இப்படி? ரப்பர் நாற்றுமேடையில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பால் நன்றாகக் கொடுக்கும் மரத்தின் விதையைப் போட்டால், முளைக்கும் கன்றும் அப்படியே பால் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் நல்ல மரத்தின் மொட்டை எடுத்து, கன்றின் பட்டைக்குள் வைத்து ஒட்டுக் கட்டினோம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்கள் தோட்டமெங்கும் பரவியது அந்த வழியில்தான். ஆப்பிளும் இதே ஜாதி. கொட்டை போட்டு முளைக்கும் கன்று தாய் மரத்தைப் போல இருக்காது. பெரும்பாலும் புளிக்கும், அல்லது துவர்க்கும். எப்போதாவது ஒன்றுதான் தேறும். தேறியதை ஒட்டுக் கட்டிப் பெருக்குவார்கள்.

நாம் வாங்கும் பச்சை ஆப்பிளும் அப்படித் தேறியதுதான். இங்கிலாந்தில் விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்த மரியா ஆன் ஸ்மித் என்ற பெண்மணி, 1838-இல் கணவர் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் பிழைக்கப் போனார். சிட்னிக்கு அருகே ஈஸ்ட்வுட் என்ற இடத்தில் சிறிய பழத்தோட்டம் வைத்தார். டாஸ்மேனியாவிலிருந்து வந்த ஒருவகைப் புளிப்பு ஆப்பிளின் கழிவைக் கொட்டிய இடத்தில் ஒரு கன்று தானாக முளைத்துக் காய்த்ததை, 1868-இல் அவர் அக்கம்பக்கத்தாரிடம் காட்டினார். 1870-இல் அவர் இறந்துவிட்டார். ஆனால் 'கிரானி ஸ்மித்', அதாவது ஸ்மித் பாட்டி, என்ற பெயர் பழத்தோடு நிலைத்துவிட்டது. இன்று உலகத்திலுள்ள கிரானி ஸ்மித் மரங்கள் எல்லாமே அந்த ஒரே கன்றின் ஒட்டு வாரிசுகள்.

எல்லா உழைப்பாளிக்கும் அந்தப் பேறு கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் சவுத்வெல் ஊரில், 1809-இல் மேரி ஆன் பிரெயில்ஸ்போர்ட் என்ற சிறுமி ஆப்பிள் கொட்டையை நட்டாள். அதிலிருந்து வந்ததுதான் இங்கிலாந்தில் சமையலுக்கென்றே பேர்போன புளிப்பு ஆப்பிள். அந்த வீட்டைப் பிற்பாடு விலைக்கு வாங்கியவர் பிராம்லி. அவருடைய பெயரைத்தான் பழத்துக்கு வைத்தார்கள். நட்டவள் ஒருத்தி, பேர் வாங்கியவர் வேறொருவர். நமக்குப் புதிய கதையா இது?

சீனிக் கணக்கு

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். 100 கிராம் பச்சை ஆப்பிளில் சீனிச் சத்து ஏறக்குறைய 9.5 கிராம். இனிப்பான சிவப்பு ரகங்களில் 10-இலிருந்து 12 கிராம் வரை. வித்தியாசம் இவ்வளவுதான்! 180 கிராம் எடையுள்ள ஒரு பச்சை ஆப்பிளை முழுதாகத் தின்றால் ஏறக்குறைய 17 கிராம் சீனி உள்ளே போகிறது. தேக்கரண்டிக் கணக்கில் நான்கு.

அப்படியானால் நாக்குக்கு ஏன் தெரியவில்லை? எலுமிச்சைத் தண்ணீரில் மூன்று கரண்டி சீனி போட்ட பிறகும் புளிப்பு முந்திக்கொண்டு வருகிறதே, அதே சங்கதிதான். பச்சை ஆப்பிளில் மாலிக் அமிலம் அதிகம். அது சீனியின் ருசியை மறைக்கும். சீனியை அழிக்காது. நாக்கு ஏமாறும், இரத்தம் ஏமாறாது.

அதற்காக ஆப்பிளைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. தோலோடு முழுப் பழமாகத் தின்னும்போது அதிலுள்ள நார்ச்சத்து, சீனி இரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. ஜூஸாக அடித்து வடிகட்டிவிட்டால் இந்த நன்மை போய்விடும். 1977-இல் இங்கிலாந்தில் 10 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். முழு ஆப்பிள் தின்றபோது வயிறு நிறைந்தது. ஜூஸ் குடித்தபோது அவ்வளவு நிறையவில்லை, இன்சுலினும் கூடுதலாகச் சுரந்தது.

எப்படித் தின்பது?

ஒரு வேளைக்குக் கைக்குள் அடங்கும் சின்னப் பழம் ஒன்று போதும். தேநீரோடு தின்னும் பலகாரத்துக்குப் பதிலாகத் தின்னுங்கள். பலகாரத்தையும் தின்றுவிட்டு அதன் மேல் ஆப்பிளா? வேண்டாம். வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால் தின்பதற்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் சோதித்துப் பாருங்கள். உங்கள் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று அதுவே சொல்லும்.

நன்றாகக் கழுவி, தோலோடு வில்லை போட்டு, மெதுவாக மென்று பாருங்கள். முதலில் புளிப்பு, அதற்குப் பின்னால் இனிப்பு, கடைசியில் தோலின் துவர்ப்பு என்று மூன்றும் வரும். உப்பும் மிளகாய்த்தூளும், அல்லது அசாம்பொய்ப் பொடியும் தொட்டுத் தின்பது நம் பழக்கம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அந்த உப்பைக் கைவிடுங்கள். வெள்ளரிக்காய், சின்ன வெங்காயத்தோடு பொடியாக அரிந்து பச்சடி போலச் சோற்றுக்குச் சேர்த்தாலும் நன்றாக இருக்கும்.

தின்றதும் வாயைத் தண்ணீரில் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம். புளிப்புப் பட்டதும் பல்லின் மேல்பூச்சு சற்று இளகியிருக்கும். துலக்கினால் தேயும். அரை மணி நேரமாவது பொறுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்குப் பச்சையாகத் துண்டு கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும். துருவியோ ஆவியில் வேகவைத்தோ கொடுங்கள். கொட்டையைக் கடித்து மெல்லக் கூடாது. மரவள்ளியில் இருப்பதைப் போன்ற நஞ்சு அதிலும் உண்டு. தவறி ஒன்றிரண்டை முழுங்கிவிட்டால் பயப்பட வேண்டாம்.

இதை மறக்காதீர்கள்

மருந்து போட்டுக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சீனி திடீரென்று இறங்கலாம். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தலை கிறுகிறுக்கும். அப்போது ஆப்பிளைக் கொடுத்து உட்காரவைக்காதீர்கள். அதன் சீனி மெதுவாகத்தான் ஏறும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

இன்னொன்று. பச்சை ஆப்பிள் மருந்து ஆகாது. தினம் ஓர் ஆப்பிள் தின்றால் டாக்டரிடம் போக வேண்டாம் என்கிறார்களே, அதை அமெரிக்காவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். வசதி, படிப்பு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, ஆப்பிள் தின்றவர்கள் டாக்டரிடம் போவது குறைந்ததாகத் தெரியவில்லை. "பச்சை ஆப்பிள் தின்கிறேன், மாத்திரை எதற்கு?" என்று யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் கொடுத்த தேதியையும் தவறவிடாதீர்கள்.

நட்டுப் பார்க்கலாமா?

பிள்ளைகள் ஆப்பிள் கொட்டையை மண்ணில் ஊன்றிவிட்டுக் காத்திருப்பார்கள். நம் சமவெளி வெயிலில் அது காய்க்காது. ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் குளிரில் உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். கிழக்கு ஜாவாவின் பாத்து மலைப்பகுதியில் அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிட்டு, மரத்தை ஏமாற்றிப் பூக்கவைக்கிறார்கள். மலைக்காற்றும் அத்தனை கையுழைப்பும் அதற்கு வேண்டும்.

வீட்டுப் பக்கம் ஒரு கை அகல இடம் இருந்தால் கொய்யா நடுங்கள். அதுவும் ஒட்டுக் கன்றாக வாங்கினால், என்ன காய் வரும் என்று தெரிந்தே நடலாம். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். ஆப்பிளில் 5 மில்லிகிராம்தான். கப்பலில் வந்த பழத்துக்கு வெள்ளியை எண்ணிக் கொடுக்க முடியாத வாரத்தில், கொல்லைக் கொய்யா உங்களைக் கைவிடாது. ஆனால் அதிலும் சீனி உண்டு. அளவு அதற்கும் உண்டு.