விட்டால் மீளாத ஆக்ஸிலரேட்டர்

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியாகோ நகரை அடுத்த சாண்டீ என்னும் ஊரருகே, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28-ஆம் நாள், லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுக்கடங்கா வேகத்தில் ஓடி, வேறொரு வண்டியில் மோதி, சாலையைவிட்டுப் பாய்ந்து தீப்பற்றியது. உள்ளிருந்த ஒரே குடும்பத்தினர் நால்வரும் மாண்டனர். ஓட்டியவர் அனுபவமற்றவர் அல்லர். நெடுஞ்சாலைக் காவல் படையைச் சேர்ந்தவர். தமது காரைப் பராமரிப்புக்கு விட்டுவிட்டு, விற்பனை நிலையத்தார் இரவலாகத் தந்த வண்டியில் குடும்பத்தோடு சென்றுகொண்டிருந்தார். ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று உடனிருந்தவர் தொலைபேசியில் அவசர உதவி கோரிக்கொண்டிருந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் காரில் போடப்பட்டிருந்த கனத்த ரப்பர் மேட் வேறொரு மாடலுக்கு உரியது. அது ஆக்ஸிலரேட்டர் பெடலைப் பிடித்துக்கொண்டது என்று விசாரணையில் தெரியவந்தது. நெஞ்சை உறுத்தும் செய்தி இன்னொன்று உண்டு. சில நாள்களுக்கு முன் அதே காரை இரவல் பெற்றிருந்த மற்றொருவருக்கும் இதே சிக்கல் நேர்ந்திருந்தது. அவர் பிரேக்கை அழுத்தியபடியே கியரை நியூட்ரலுக்கு மாற்றி, வண்டியை நிறுத்தி, மேட்டில் சிக்கிய பெடலை விடுவித்துத் தப்பினார். வண்டியை ஒப்படைத்தபோது வரவேற்பில் இருந்தவரிடம் இதைத் தெரிவித்ததாகவும் அவர் விசாரணையாளரிடம் கூறினார். ஆயினும் அந்த மேட்டோடுதான் வண்டி அடுத்தவர் கைக்குப் போயிற்று.

பிரேக் ஏன் கைவிட்டது என்று வாசகர் வியக்கலாம். பெட்ரோல் காரில் நம் காலின் அழுத்தத்தைப் பன்மடங்காக்கித் தருவது பூஸ்டர் என்னும் உறுப்பு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் உண்டாகும் வெற்றிடமே அதற்கு ஆற்றல் தருகிறது. திராட்டில் முழுவதும் திறந்து நின்றால் அந்த வெற்றிடம் ஏறக்குறைய இல்லாமற்போகும். பூஸ்டரில் எஞ்சியிருப்பது இரண்டொரு முறை அழுத்துவதற்கே போதும். பதற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் அச்சேமிப்பு தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். இடையறாது மெல்ல அழுத்தினாலோ பிரேக் காய்ந்து வலுவிழக்கும்.

ஆதலால் இந்நிலை வந்தால் பிரேக்கை ஒரே முறை, முழு வலிமையோடு அழுத்தி, விடாமல் பிடிக்க வேண்டும். உடனே கிளட்சை மிதித்தோ, தானியங்கி கியராயின் நெம்பைத் தள்ளியோ, நியூட்ரலுக்கு வர வேண்டும். எஞ்சின் அலறும்; அலறட்டும். எஞ்சின் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். வண்டி ஓரத்தில் நின்ற பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். பொத்தானை அழுத்தி இயக்கும் கார்களில், ஓட்டத்தில் எஞ்சினை அணைக்கப் பொத்தானைச் சில வினாடிகள் தொடர்ந்து அழுத்த வேண்டியிருக்கும். அந்த லெக்ஸஸிலும் இவ்வாறே. இரவல் வண்டி ஓட்டுகிறவருக்கு இதை யார் சொல்லப்போகிறார்கள்?

நின்ற வண்டியில் குற்றத்தைக் கண்டுபிடிப்பது அத்துணைக் கடினமன்று. எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, காலடியிலிருந்து தொடங்குங்கள். மேட்டின் மேல் இன்னொரு மேட் போட்டிருந்தால் அதை எடுத்தெறியுங்கள். தரையிலுள்ள கொக்கியில் மாட்டாத மேட்டும் ஆகாது. பிறகு பெடலைக் கையால் அழுத்திவிட்டுப் பாருங்கள். சட்டென்று திரும்ப வேண்டும்.

திரும்பவில்லையா? மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில் பெடலையும் எஞ்சினையும் இணைப்பது ஒரு கேபிள். எஞ்சின் பக்கத்தில் அதைக் கழற்றிவிட்டு, திராட்டில் நெம்பை விரலால் திறந்து விட வேண்டும். அது துள்ளி மூடிக்கொண்டால் கோளாறு கேபிளிலோ பெடலிலோ உள்ளது; தயங்கினால் கார்புரேட்டரிலோ திராட்டில் பாடியிலோ உள்ளது. இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

கேபிளின் உள்கம்பியில் ஓர் இழை அறுந்து உறையில் குத்தி நின்றாலும், உறை மடிந்திருந்தாலும், சூட்டில் உருகியிருந்தாலும் புதியதே போட வேண்டும். எண்ணெய் விட்டுச் சமாளிப்பது நாளைய விபத்தை இன்று தள்ளிவைப்பதேயாகும். தளர்ந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக டியூப் ரப்பரைக் கட்டிவிடும் பட்டறைக் கைவேலையும் அத்தகையதே.

திராட்டில் தகடு குழாய்ச் சுவரைத் தொடுமிடத்தில், எஞ்சினுள்ளிருந்து வரும் எண்ணெய்ப் புகை படிந்து கருமையான பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். அதற்குரிய சுத்திகரிப்புத் திரவத்தைத் துணியில் நனைத்துத் துடைத்தால் போகும். அருகில் நெருப்பு கூடாது. பெடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே கேபிள் இல்லாமல் மின்னணு முறையில் இயங்கும் இன்றைய வண்டிகளில் தகட்டை விரலால் நெம்பலாகாது; உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்கள் கெடும். அவற்றைத் துடைத்தபின் ஐடில் வேகத்தை மீண்டும் சரிசெய்ய வேண்டியும் வரலாம். அது தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

மின்னணுவின் மேல் பழி போடுவது எளிது. 2009-க்குப் பின் டொயோட்டா வண்டிகளின் மேல் எழுந்த புகார்களை நாசாவின் பொறியாளர்களும் ஆராய்ந்தனர். 2011 பிப்ரவரியில் வெளியான அவ்வறிக்கை, மின்னணுக் கோளாறுதான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. பெடலைப் பிடிக்கும் மேட்டும், தேய்ந்து மெதுவாகத் திரும்பும் பெடலும் முன்னரே கண்டறியப்பட்டுப் பல இலட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டிருந்தன. பிரேக்கை அழுத்தினால் எஞ்சின் தானே தணியும் ஏற்பாட்டையும் அந்நிறுவனம் தன் புதிய வண்டிகளில் சேர்த்தது. உங்கள் வண்டியில் அது உண்டா என்பதை உரிமையாளர் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியைப் பட்டறையில் விடும்போது, எந்த வேகத்தில், எஞ்சின் சூடாயிருந்தபோதா குளிர்ந்திருந்தபோதா சிக்கியது என்பதை வேலைச் சீட்டிலேயே எழுதச் செய்யுங்கள். திரும்பப் பெறும்போது, எஞ்சினை இயக்குமுன் பெடலைத் தரைவரை அழுத்தி விடுங்கள், பத்து முறை. மேட்டைப் போட்டபின் மீண்டும் பத்து முறை.