நிறம் போனால் நஞ்சு போகுமா?

தெளிந்த நீரைக் கண்டால் தூயதென்று கொள்கிறோம். இனிக்கின்ற மருந்தைக் குழந்தை முகஞ்சுளிக்காது குடித்தால் நல்ல மருந்தென்று மகிழ்கிறோம். கண்ணும் நாவும் கூறும் இச்சாட்சியத்தை இரசாயனவியலார் ஏற்பதில்லை. ஏன் ஏற்பதில்லை என்பதைச் சாயமொன்றின் வரலாறு நன்கு விளக்கும்.

சாயத்துக்கும் மருந்துக்கும் உள்ள உறவு பழையது. 1856-ஆம் ஆண்டிலே, இலண்டனில் 18 வயது மாணவராயிருந்த வில்லியம் பேர்க்கின், மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைனைச் செயற்கை முறையில் ஆக்க முயன்று, ஊதாநிறச் சாயமொன்றைப் பெற்றார். ஏறக்குறைய எண்பது ஆண்டுகளின் பின், சாயத்திலிருந்தே மருந்து பிறந்தது. ஜேர்மனியிலுள்ள பேயர் ஆய்வுகூடத்தில் கெரார்ட் டோமாக் என்னும் அறிஞர், ‘புரொன்ரோசில்’ என்ற செந்நிறச் சாயப்பொருளை நோயுற்ற எலிகளுக்கு ஊட்டினார், அவை பிழைத்தன. 1935-இல் அம்முடிவை வெளியிட்டார். ஊசி குத்திய கையில் நஞ்சேறித் தவித்த தம் மகளையும் அவர் அம்மருந்தினாலேயே காப்பாற்றினார்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. எலியின் உடலில் கிருமிகளை அடக்கிய அச்சாயம், சோதனைக் குழாயிலிருந்த கிருமிகளை ஒன்றுஞ் செய்யவில்லை. பாரிஸ் நகரத்துப் பாஸ்ச்சர் நிலையத்தார் அதே ஆண்டில் அதன் மருமத்தை அவிழ்த்தனர். புரொன்ரோசிலின் நடுவே இரண்டு நைதரசன் அணுக்கள் கைகோத்து நிற்கின்றன. ‘அசோ’ப் பிணைப்பு எனப்படும் இதுவே அதன் செந்நிறத்துக்கு ஆதாரம். உடலினுள்ளே இப்பிணைப்பு அறுகின்றது. சாயம் இரு துண்டாகின்றது. அவற்றுள் ஒன்று சல்பனிலமைட்டு என்னும் வெண்ணிறப் பொருள். நோயைத் தீர்த்தது அதுதான். நிறம் வெறும் போர்வையே.

இந்தச் சல்பனிலமைட்டு மாத்திரையாகவும் தூளாகவும் பல உயிர்களைக் காத்தது. 1937-இல் அமெரிக்கக் கம்பனியொன்று அதனைப் பாணியாக விற்க விரும்பியது. எளிதிற் கரையாத அம்மருந்தைக் கரைப்பதற்கு, டையெதிலீன் கிளைக்கோல் என்னும் நிறமற்ற, இனிப்பான, பிசுபிசுத்த திரவம் வாய்த்தது. ராஸ்பெரிப் பழச்சுவையும் சேர்த்தனர். தோற்றம் சோதிக்கப்பட்டது, மணமும் சுவையும் சோதிக்கப்பட்டன. அத்திரவம் நஞ்சா என்பது மட்டும் சோதிக்கப்படவில்லை. உடலுக்குள் அது வேறோர் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தை அழித்துவிடும். குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆக்கப்பட்ட 240 கலன் மருந்தில் 234 கலனை அதிகாரிகள் ஊரூராய்த் தேடி மீட்டனர். எஞ்சிய சுமார் 6 கலனே அத்தனை உயிர்களையும் கொண்டது.

இதில் இன்னுமொரு கொடுமை உண்டு. சோதிக்காத மருந்தை விற்பது அன்று குற்றமே அன்று! ‘எலிக்சிர்’ என்று பெயரிட்டால் அதில் மதுசாரம் இருத்தல் வேண்டும். இதில் அது இல்லை. ஆகவே, பெயர் பிழை என்ற ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் அதனைக் கைப்பற்ற முடிந்தது. விற்பனைக்கு முன்னரே மருந்தின் பாதுகாப்பை நிறுவவேண்டுமென்ற சட்டம் அங்கு 1938-இல் வந்தது.

அத்துடன் முடிந்ததா? இல்லை. 2022-இல் ஆபிரிக்க நாடாகிய காம்பியாவில் சுமார் 70 சிறார், இதே நஞ்சு கலந்த இருமற் பாணிகளோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட சிறுநீரக நோயினால் இறந்தனர். 2025-இல் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கு மேற்பட்ட பிள்ளைகள் மாண்டனர். அப்பாணி தமிழ்நாட்டுக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசின் சோதனையில் அதிலே 48.6 சதவீதம் டையெதிலீன் கிளைக்கோல் காணப்பட்டது; அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 சதவீதந்தான். பாணி காய்ச்சப் பயன்படும் கிளிசரின் போன்ற திரவங்களும் நிறமற்று இனிப்பன. ஆகையால் மலிவான நஞ்சு அவற்றின் இடத்தில் எளிதாக நுழைந்துவிடுகிறது.

இதனைக் கண்டறிவது பெரிய வித்தையுமன்று. சிலிக்கா பூசிய தகடொன்றின் அடியில் மருந்தில் ஒரு துளியும், அருகே தூய கிளிசரின் ஒரு துளியும், டையெதிலீன் கிளைக்கோல் ஒரு துளியும் இட்டுத் தகுந்த கரைப்பானில் நிறுத்தினால், ஒற்றுத்தாளில் மை ஊர்வதுபோலக் கரைப்பான் மேலேறும். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரத்தில் தங்கிவிடும். நிறங்காட்டும் கரைசலைத் தெளித்தால் புள்ளிகள் தோன்றும். எவ்வளவு கலந்துள்ளது என்று திட்டமாக அளக்க வாயுக் குரோமற்றோகிராபி என்னும் கருவி உண்டு. மருந்துச்சாலைக்கு வரும் ஒவ்வொரு பீப்பாயையும் இவ்வாறு பார்க்க வேண்டும். ஒரு பீப்பாயைப் பார்த்து ஒன்பதை நம்புவது சோதனையாகாது.

இனி, அதே அசோப் பிணைப்பைச் சாயச்சாலையின் கழிவுநீரிலே காண்போம். துணிக்கு ஏற்றும் சாயங்களிற் பெரும்பாலானவை அசோ இனத்தவையே. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, உழவுக்கென 1992-இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பயிருக்கு நீர் தரவேண்டிய அணையைத் திறக்க வேண்டாமென்று உழவரே மன்றாடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயச்சாலைகளை மூடப் பணித்தது.

சாயநீரின் நிறத்தை நீக்குவது கடினமன்று. காற்றுப்படாத தொட்டியில் பற்றீரியாக்கள் அசோப் பிணைப்பை அறுத்துவிடும்; நீர் வெளுத்துவிடும். ஆனால், புரொன்ரோசிலை அறுத்தபோது மருந்து வந்ததென்பதால் எல்லாச் சாயமும் அவ்வாறே என்று மாணவர்கள் எண்ணலாகாது. வேறு சில சாயங்களை அறுத்தால் பென்சிடின் போன்ற அமைன்கள் வெளிப்படும். பென்சிடின் சிறுநீர்ப்பையிற் புற்றுநோயை விளைப்பது. ஆகவே வெளுத்த நீரை மீண்டும் காற்றூட்டிய தொட்டிக்கு அனுப்பி, அங்குள்ள வேறு கிருமிகளால் அவ்வமைன்களையும் சிதைக்க வேண்டும்.

அதன் பின்னும் உப்பு அப்படியே இருக்கும். பருத்தியிற் சாயம் ஏறுவதற்காகக் கொட்டப்பட்ட அவ்வுப்பை எந்தப் பற்றீரியாவும் தின்பதில்லை. மிக நுண்ணிய சவ்வுகளினூடே நீரை அழுத்திப் பிரித்து, எஞ்சும் உவர்நீரைக் காய்ச்சி உப்பை மீட்டு, மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்புகின்றனர். இதற்குச் செல்லும் எரிபொருட் செலவு பெரிது. செலவுக்கு அஞ்சி இதனை விட்டுவிட்டால், வெளியே பாயும் நீர் பளிங்குபோலத்தான் தோன்றும். அதில் ஒரு கிண்ணத்தை வற்றக் காய்ச்சினாலே அடியில் வெண்படை படிந்திருப்பதைக் காணலாம்.