சால்மனுக்கு ஒரு சேவல் இறகு

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில கூவுற காட்டுச் சேவலுக்கும், ஸ்காட்லாந்து ஆத்துல நீந்துற சால்மன் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

தூண்டில்தான்! புழுவைக் குத்தாம, முள்ளுல இறகு, பட்டுநூல், சரிகை எல்லாம் சுத்தி ஒரு பொய்ப்பூச்சி கட்டுறது அங்கே பழைய கலை. விக்டோரியா ராணி காலத்துல இதுக்காக எங்கெங்கிருந்தோ இறகுகள் கப்பல்ல போச்சு. அதுல தனி மவுசு, நம்ம சாம்பல் காட்டுக்கோழிச் சேவலோட கழுத்து இறகுக்கு. கரிய இறகுல, மெழுகு சொட்டின மாதிரி மஞ்சளும் வெள்ளையுமா பளபளன்னு பொட்டுகள். பக்கத்துக்கு ஒண்ணா வச்சுக் கட்டினா, பொய்ப்பூச்சிக்குக் கண்ணு வந்துரும்!

இதுல வேடிக்கை என்னன்னா, முட்டையிடறதுக்காக ஆத்துக்கு வர்ற சால்மன் பெரும்பாலும் எதையும் தின்னுறதே இல்லை. அப்போ இவ்வளவு அலங்காரமும் மீனுக்கா, மீன் பிடிக்கிறவருக்கா? எனக்கென்னவோ ரெண்டாவதுதான்னு தோணுது.

இப்போ இந்தப் பறவைக்கு நம்ம நாட்டுல சட்டப் பாதுகாப்பு இருக்கு. இறகை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதனால இங்கிலாந்துல இதே சேவலை வளர்த்து இறகு எடுக்கிறாங்க. விலை மட்டும் கொஞ்சம் காரம்தான்!