அதே வாசற்படி

எங்கள் லைனில் கடிகாரம் பார்த்து யாரும் எழுந்ததில்லை. ஷிப்ட் சங்கு ஊதும். அம்மா அடுப்பைப் பற்றவைப்பார், அப்பா பூட்ஸைத் தேடுவார். கோலார் தங்கவயலில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு லைன் என்றுதான் பெயர். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் கீழே இறங்கியது. சில இரவுகளில் திடீரென்று தரை குலுங்கி, அலமாரிப் பாத்திரங்கள் உருளும். அடியில் எங்கோ பாறை வெடித்திருக்கும். அப்பா நைட் ஷிப்டில் இருந்தால், அன்று அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. அவர் தலை தெருமுனையில் தெரியும்வரை வாசற்படியை விட்டு எழவே மாட்டார்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். எனக்கு 27 வயது, கல்யாணமாகி ஒரு வருடம்தான். பெங்களூரில் வேலைக்குப் போய்வர ரயிலுக்குச் சீசன் டிக்கெட் எடுத்தேன்.

மாரிக்குப்பத்தில் இருட்டோடு ஏறினால் சாம்பியன், உரிகம், கோரமண்டல், பங்காரப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஊர் ஏறும். பெங்களூருக்கு ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். உட்கார்ந்தபடி தூங்குபவர்கள், சீட்டு ஆடுபவர்கள், மடியில் கீரையைப் பரப்பி ஆயும் பெண்கள். ஒருவர் வரவில்லை என்றால் அவர் இடத்தில் பையை வைத்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று பெட்டி முழுக்க விசாரிக்கும். லைனில் இருந்த நெருக்கத்தை அந்தப் பெட்டியில்தான் மறுபடி பார்த்தேன். இரவு ரயில் தாமதமானால், அம்மா உட்கார்ந்திருந்த அதே வாசற்படியில் அப்பா உட்கார்ந்திருப்பார். "சாப்பிட்டியாடா?" என்பதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டார்.

சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்து மின்சாரம் 1902-இல் முதலில் வந்தது எங்கள் சுரங்கத்துக்குத்தான். பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கு 1905-இல்தான் கிடைத்தது. அப்பா இதைப் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. வேலைக்காக நாங்கள் பெங்களூருக்குப் போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் எனக்கு வலித்தது.

பன்னிரண்டு வருடம் அப்படிப் போய் வந்தபின் கிருஷ்ணராஜபுரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தேன். இன்று ஊர்ப் பிள்ளைகள் வொயிட்ஃபீல்டில் இறங்கி மெட்ரோவுக்கு ஓடுகிறார்கள். 2023-இல் அங்கே மெட்ரோ வந்தபிறகு பையப்பனஹள்ளிவரை பஸ்ஸில் நசுங்க வேண்டியதில்லை. மற்றபடி மாரிக்குப்பத்தில் இருட்டோடு ஏறுவது மாறவில்லை.

அப்பா போய்விட்டார். அம்மா லைன் வீட்டைவிட்டு வரமாட்டேன் என்கிறார். மாதம் ஒருமுறை போனால் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. காற்றடித்தால், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து கிளம்பும் தூசு, துணி உலர்த்தும் கொடிவரை வருகிறது. சங்கு இல்லாத அந்த ஊரில் அம்மா இன்னும் விடியுமுன் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறார்.

மகளுக்கு வொயிட்ஃபீல்டில் நைட் ஷிப்ட். ஆபீஸ் கார் நள்ளிரவுக்குமேல்தான் கொண்டுவந்து விடும். "தூங்குங்கப்பா, வண்டி எங்க இருக்குன்னுதான் போன்லயே தெரியுதே" என்கிறாள். தெரிகிறதுதான். நான் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி, கேட்டுக்குப் பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.