ரிப்போர்ட் எல்லாம் சரி, உடம்பு ஏன் சரியில்லை?

"ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்லை, எல்லாம் நல்லாத்தான் இருக்கு." ஆஸ்பத்திரியில் இப்படிச் சொன்னால் நாம் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் தோட்டத்தில் பலருக்கு இதைக் கேட்டதும் மனம் விட்டுப்போகிறது. காரணம், நோவு போகவில்லை. காலையில் எழும்பும்போதே உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. பெரட்டுக்குப் போனால் தலை சுற்றுகிறது. கூடையை மாட்டினால் கழுத்தும் தோளும் கடுக்கிறது. ராத்திரியில் தூக்கமில்லை. மாதத்தில் நாலைந்து பேர் விழாமல் போகிறது. அதற்கு மேல், "வேலைக்குக் கள்ளம்" என்ற பேச்சையும் கேட்க வேண்டியிருக்கிறது.

பிறகு நடப்பது நமக்குத் தெரிந்ததே. வேறொரு டொக்டரிடம் போகிறோம். டவுனில் காசு கொடுத்து அதே டெஸ்டை மறுபடி எடுக்கிறோம். தோட்டை அடகு வைத்து ஸ்கேன் எடுக்கிறோம். அதிலும் ஒன்றுமில்லை என்றால் கோடாங்கியிடம் போகிறோம். நோவு இருந்த இடத்திலேயே இருக்க, கடன் மட்டும் ஏறுகிறது. இந்த அலைச்சலைக் குறைக்கத் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களை இங்கே தருகிறோம்.

டெஸ்ட் எதைச் சொல்லும்?

டெஸ்ட் என்பது ஒரு கேள்வி மாதிரி. கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தசைப்பிடிப்பைக் காட்டாது. ஈ.சி.ஜி. எடுக்கிற அந்தச் சில விநாடித் துடிப்பைத்தான் பதியும். நேற்று மலையில் வந்த படபடப்பு அதில் தெரியாமல் போகலாம். சீனி வருத்தத்துக்குப் பார்த்த இரத்தம் தைரொயிட் பற்றி எதுவும் சொல்லாது. ஆகவே "ரிப்போர்ட் நோர்மல்" என்றால் "தேடிய வருத்தம் இல்லை" என்பதே அர்த்தம். "உங்களுக்கு நோவே இல்லை" என்று அர்த்தமில்லை.

அடிக்கடி தவறிப்போகும் காரணங்கள்

முதலாவது, இரும்புச்சத்துக் குறைவு. கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்கிறார்கள். 12க்கு மேல் இருந்தால் ரிப்போர்ட் "நோர்மல்". ஆனால் உடம்பில் சேமித்து வைத்த இரும்பு முதலில் தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அரிசிப் பீப்பா காலியான பிறகும் அன்றைய சோறு அடுப்பில் இருக்கும் அல்லவா, அதுபோல. அந்தக் காலத்திலேயே களைப்பு, தலைச்சுற்று, மூச்சுவாங்கல் வரலாம். சேமிப்பைக் காட்டுவது பெரிட்டின் என்ற டெஸ்ட். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, சுகமாக உள்ள பெரியவர்களுக்கு இது 15க்குக் கீழே இருந்தால் இரும்பு குறைவு. காய்ச்சலோ வேறு அழற்சியோ இருந்தால் இந்த எண் கூடித் தெரியும் என்பதால் டொக்டர்தான் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மலைநாட்டில் இன்னொரு விஷயமும் உண்டு. உயரமான இடத்தில் வாழ்பவர்களின் உடம்பில் ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். நுவரெலியா நகரம் சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இரத்தத்தில் 12 என்பதும் கொழும்பில் 12 என்பதும் ஒன்றல்ல. உயரத்துக்கு ஏற்பக் கணக்கைத் திருத்திப் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

நாம் கொழுந்து பறிக்கும் தேயிலையும் இதில் ஒரு பங்காளி. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். சோற்றோடு தேசிக்காய், கொய்யா, நெல்லி ஏதாவது சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். மாதவிலக்கில் இரத்தம் அதிகம் போகிறவர்கள் அதை வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும். இரும்புக் குளிசையைக் கேட்காமல் தொடர்ந்து விழுங்கக்கூடாது. தலசீமியா போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கு அது கெடுதல் செய்யலாம்.

மற்றவை இவை: தைரொயிட் குறைவு இருந்தால் களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், உடல் பருத்தல் வரலாம். சீனி வருத்தத்துக்குப் பல வருடமாக மெற்ஃபோமின் குடிப்பவர்களுக்கு வைற்றமின் பி12 குறைந்து கைகால் விறைக்கலாம். சிக்குன்குன்யா வந்துபோன பின் மூட்டுநோவு மாதக்கணக்கில் நிற்கலாம், 2006இல் நாட்டில் பரவியபோது பலர் இதை அனுபவித்தார்கள். கொவிட் வந்தவர்களில் சிலருக்கும் களைப்பு நீண்டகாலம் நிற்கிறது.

எல்லாம் பார்த்தும் ஒன்றுமில்லை என்றால்?

அப்போதும் நோவு பொய்யாகிவிடாது. நோவு என்பது உடம்பின் எச்சரிக்கைச் சங்கு. ஃபெக்டரிச் சங்கு பழுதாகி, நேரம் வராமலே ஊதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபெக்டரியைச் சுற்றிப் பார்த்தால் நெருப்பில்லை, ஆனால் சத்தம் உண்மை. நரம்பும் மூளையும் இப்படிக் கூர்மையாகி, சின்னத் தொடுகையையும் பெரிய நோவாக உணரலாம். உடம்பு முழுக்க நோவு, தூக்கமில்லாமை, களைப்பு, மறதி எல்லாம் சேர்ந்து வந்தால் அதற்கு ஃபைப்ரோமயல்ஜியா என்று பெயர். 1990இல் அமெரிக்க வாதநோய் வைத்தியர் சங்கம் இதைக் கண்டுபிடிக்க உடம்பில் 18 இடங்களை அமுக்கிப் பார்க்கும் முறையை வகுத்தது. 2010இல் அதை மாற்றி, நோவுள்ள இடங்களையும் மற்ற அறிகுறிகளையும் கேட்டறியும் முறையைக் கொண்டுவந்தது. இதை உறுதிசெய்ய இரத்த டெஸ்டோ ஸ்கேனோ கிடையாது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் இப்படிப்பட்ட நோவு தனி வருத்தமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது.

இதற்கு டொக்டர் இரவில் குடிக்கச் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் கொடுக்கலாம். "எனக்குப் பைத்தியக் குளிசை தந்துட்டாங்க" என்று சிலர் வீசிவிடுகிறார்கள். அது மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்துதான். ஆனால் சிறிய அளவில் நரம்பு நோவைக் குறைத்துத் தூக்கம் தருவதற்காகவும் கொடுக்கிறார்கள். எதற்காக என்று டொக்டரிடமே கேளுங்கள்.

மனக்கவலையும் உடம்பில் பேசும். கடன், குடிகார வீட்டுக்காரர், வெளிநாடு போன மகளைப் பற்றிய யோசனை, இதெல்லாம் நெஞ்சுப் பாரமாக, தலையிடியாக, வயிற்றெரிவாக வரலாம். இது நடிப்பல்ல, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. மனநல உதவிக்கான தேசிய தொலைபேசி இலக்கம் 1926.

டொக்டரிடம் எப்படிச் சொல்வது?

கிளினிக்கில் நமக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால், "உடம்பெல்லாம் நோவுதுங்க ஐயா" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"மூணு மாசமா ரெண்டு கை மூட்டும் நோவுதுங்க ஐயா. காலையில எழும்பினா ஒரு மணித்தியாலம் விரலை மடக்க முடியலைங்க. வேலை செய்யச் செய்யக் கொஞ்சம் குறையுது. போன மாசம் ஆறு பேர் போச்சுங்க."

இதைக் கேட்ட டொக்டர் வேறு மாதிரி யோசிப்பார். காலையில் நீண்டநேரம் விறைப்பு இருந்தால் மூட்டில் அழற்சி இருக்கலாம், அதற்கான டெஸ்ட் வேறு. போவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்:

1. இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எங்கே நோவு, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, எத்தனை மணித்தியாலம் தூக்கம். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள்.
2. பழைய ரிப்போர்ட், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். அப்போதுதான் அதே டெஸ்டை இரண்டாம் முறை எடுக்கும் செலவு மிஞ்சும்.
3. குடிக்கும் மருந்தெல்லாம், நாட்டு மருந்து உட்பட, கொண்டுபோய்க் காட்டுங்கள்.
4. சிங்களம் சரியாக வராது என்றால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். பிள்ளையை வைத்து அந்தரங்கத்தைப் பேசுவது சரிவராது.
5. மூன்று கேள்வி கேளுங்கள்: "என்ன வருத்தம் இல்லைன்னு தெரிஞ்சிருக்கு? இன்னும் என்னவா இருக்கலாம்? மறுபடி எப்ப வரணும்?"

முடிந்தவரை ஒரே டொக்டரிடம், ஒரே கிளினிக்கில் தொடர்ந்து காட்டுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லித் துண்டு வாங்கி, அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கே போகலாம். தனியாரிடம் காசு கட்டுவதற்கு முன், "இந்த டெஸ்ட் எதைத் தேடுது?" என்று கேளுங்கள்.

அன்றாடம் கவனிக்க வேண்டியது

நோவு குறைந்த நாளில் விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்த்து, அடுத்த இரண்டு நாள் படுத்துவிடாதீர்கள். கூடையை இடையிடையே இறக்கி, கழுத்தையும் தோளையும் அசைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் வேலை செய்தாலும் மறுநாள் எழும்ப முடியாத அளவுக்கு விழுந்துபோனால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு "நல்லா நடங்க" என்ற புத்திமதி பொருந்தாது.

500 மில்லிகிராம் பரசிற்றமோல் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடவே கூடாது. மெலிந்தவர்கள், சாராயம் குடிப்பவர்கள், ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. தலையிடிக்கு மாதத்தில் 15 நாளுக்கு மேல் குடித்தால் அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும். கடையில் வாங்கும் டைக்ளோஃபினக் போன்றவை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

பொறுத்திருக்கக் கூடாத நேரங்கள்

பழைய ரிப்போர்ட் நல்லதாக இருந்தாலும், இவை வந்தால் உடனே காட்ட வேண்டும்: காரணமில்லாமல் உடல் மெலிதல், விடாத காய்ச்சல், இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மலத்தில் இரத்தம், மார்பில் கட்டி, முதுகு நோவோடு கால் பலமிழத்தல் அல்லது சிறுநீர் அடைத்தல். நெஞ்சு நோவு, ஒரு பக்கம் கைகால் விழுதல் என்றால் 1990க்குப் போன் செய்யுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும் ஒளிக்காமல் உடனே ஒருவரிடம் சொல்லுங்கள்.

வீட்டாருக்கும் கங்காணிமாருக்கும் ஒரு வார்த்தை. ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்பதற்காக ஒருவரைக் கள்ளம் என்று சொல்லாதீர்கள். நோவைக் காட்டும் மெஷின் இன்னும் வரவில்லை. நோகிறவர் சொல்வதைக் கேட்பதுதான் அதை அறிய வழி.