செங்கல்லை உடைக்கும் 'இரும்புக் கை'... ரகசியம் அடியில் இல்லை, ஓய்வில் இருக்கிறது!

அது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த செங்கற்கள். இடையில் சந்து விடக் கட்டை எதுவும் இல்லை. அந்த அடுக்கின்மீது ஒரு மனிதர் வெறும் உள்ளங்கையை இறக்குகிறார். செங்கற்கள் உடைகின்றன.

அவர் பெயர் கூ ரூஜாங். 1894-ல் பிறந்து 1952-ல் மறைந்த சீனத் தற்காப்புக்கலை ஆசான். 1928-ல் நான்ஜிங் நகரில் நடந்த தேசியத் தேர்வில் முன்வரிசையில் தேறியவர். அதன்பிறகு தெற்கே குவாங்ஜோ நகருக்குப் போய், வடக்கு ஷாவ்லின் கலையைப் பரப்பியவர். அப்படிப் போன ஐந்து ஆசான்களை 'ஐந்து புலிகள்' என்றே இன்றும் அழைக்கிறார்கள். கூ ரூஜாங்குக்குப் பெரும்பெயர் வாங்கிக்கொடுத்தது அவரது 'இரும்புக் கை'.

இன்று அதே காட்சி ரீல்ஸில் தினமும் ஓடுகிறது. முப்பதே விநாடிதான். கை இறங்குகிறது, ஓடு நொறுங்குகிறது, கைதட்டல் கேட்கிறது. அதைப் பார்க்கும் பிள்ளைகள் மொட்டைமாடிக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைக் குத்திப்பார்க்கிறார்கள். நாளைக்குப் பேனா பிடிக்கவும், சட்டைக்குப் பட்டன் போடவும், சோற்றைப் பிசைந்து சாப்பிடவும் வேண்டியது அதே கைதான். அந்த வீடியோ காட்டாத பாதியைத் தெரிந்துகொள்வது, பயிற்சி செய்பவருக்கும் பெற்றோருக்கும் அவசியம்.

பச்சைப்பயறில் ஆரம்பம்

சீனத்தில் இந்தப் பயிற்சிக்கு 'தியே ஷா ஜாங்' என்று பெயர். 'இரும்பு மணல் உள்ளங்கை' என்பது அதன் பொருள். 1972-ல் ஹாங்காங்கில் வெளியான 'கிங் பாக்ஸர்' படத்தில் இந்த வித்தையைக் கற்ற நாயகனின் உள்ளங்கை சிவப்பாக ஒளிரும். உலகமெங்கும் ஓடிய அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கொதிக்கும் மணலில் கையை விடுவதுதான் பயிற்சி என்று நினைத்தவர்கள் பலர்.

உண்மையான பயிற்சி அவ்வளவு பரபரப்பானது அல்ல. தடித்த கேன்வாஸ் துணியில் தைத்த ஒரு பை. அதற்குள் முதலில் போடுவது நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் அதே பச்சைப்பயறு! பையை இடுப்புக்குக் கீழான உயரத்தில் ஒரு ஸ்டூலின்மேல் வைக்கிறார்கள். கால்களை அகட்டி, முதுகை நிமிர்த்தி நிற்கிறார்கள். கையைத் தோளுக்கு மேலே தூக்கி, தளர்வாகக் கீழே விடுகிறார்கள்.

'அடிக்கிறார்கள்' என்று சொல்லாமல் 'விடுகிறார்கள்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோள் பலத்தைச் செலவழித்து ஓங்கி அடிக்கக் கூடாது. கை தன் எடையாலேயே விழ வேண்டும். விழும்போது மூச்சு வெளியே போக வேண்டும். உள்ளங்கை, புறங்கை, கையின் ஓரம், மணிக்கட்டை ஒட்டிய அடிப்பகுதி என மாறி மாறி விழும்.

பயறு பழகிய பிறகு கூழாங்கல். அதுவும் பழகிய பிறகுதான் சைக்கிள் பால்ரஸ் போன்ற சின்ன எஃகுக் குண்டுகள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மாதக்கணக்கில் ஆகும். 'நூறு நாள்' என்பது பழைய ஆசான்கள் சொல்லும் அடிப்படைக் கணக்கு. முன்னும் பின்னும் தைலம் தேய்த்துக் கையைப் பிடித்துவிடுவதும் பயிற்சியில் சேர்ந்ததே.

எலும்பு எப்போது வலுக்கிறது?

கையில் 27 எலும்புகள் இருக்கின்றன. எலும்பு என்பது கல் மாதிரி உயிரில்லாத பொருள் அல்ல. தன்மேல் விழும் சுமைக்கு ஏற்ப அது தன்னை மாற்றிக்கொள்கிறது. இதை ஜெர்மானிய அறுவைசிகிச்சை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-ல் விதியாகவே எழுதிவைத்தார். சிறுவயதிலிருந்து டென்னிஸ் ஆடுபவர்களுக்கு, மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். காரணம் இதுதான்.

ஆனால், இந்த வேலை அடிக்கும்போது நடப்பதில்லை. சுமை விழுந்த இடத்தில் ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைச் சுரண்டி எடுக்கின்றன. பிறகு வேறுவகைச் செல்கள் அங்கே புது எலும்பைக் கட்டுகின்றன. சுரண்டுவது சில வாரங்களில் முடிந்துவிடும். கட்டுவதற்குச் சில மாதங்கள் ஆகும். பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச்சுவர் எழுப்புவதைப் போல, நடுவில் ஒரு பலவீனமான காலம் உண்டு. அந்த நேரத்தில் தினமும் ஓங்கி அடித்தால், எலும்பில் நுண்ணிய விரிசல் விழும். அது பெருகினால் எலும்பு முறிவில் போய் முடியும்.

பழைய ஆசான்களுக்கு இந்தச் செல்களின் பெயர் தெரியாது. ஆனால், 'நூறு நாள்' என்று அவர்கள் சொன்ன கணக்கு, எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளும் வேகத்தோடு ஏறத்தாழப் பொருந்திப்போகிறது.

செங்கல் உடைவது ஏன்?

1979-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கராத்தே அடியின் இயற்பியல் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதிய மூவரில் ஒருவர் ரொனால்டு மெக்நேர். இயற்பியலாளர், கராத்தே பிளாக் பெல்ட், பின்னாளில் விண்வெளி வீரர். 1986-ல் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தில் உயிரிழந்த ஏழு பேரில் அவரும் ஒருவர்.

கைதேர்ந்தவரின் கை விநாடிக்கு 10 முதல் 14 மீட்டர் வேகத்தில் பாயும், 3,000 நியூட்டனுக்கும் மேற்பட்ட விசையைத் தரும் என்று அந்தக் கட்டுரை கணக்கிட்டது. இன்னொன்றையும் அது சொன்னது. மனித எலும்பு கான்கிரீட்டைவிடப் பலமடங்கு தாங்கும்!

செங்கல்லும் கான்கிரீட்டும் அழுத்தினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. நடுவில் அடி விழும்போது கட்டி லேசாக வளைகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது, அங்கிருந்து விரிசல் கிளம்புகிறது. ஆக, உடைப்பதற்குத் தேவை வேகமும், சரியான கோணமும், தளர்வான கையும்தான். கையை இரும்பாக மாற்றும் அவசியமே இல்லை. கோணம் தவறினால்தான் உடைவது கல்லா, கையா என்ற கேள்வி வருகிறது. சுவரைக் குத்துபவர்களுக்குச் சுண்டுவிரலை ஒட்டிய உள்ளங்கை எலும்பு முறிவது அடிக்கடி நடப்பது இதனால்தான்.

வலுக்காத இரண்டு

அடிக்க அடிக்க எலும்பு தடிக்கும். தோல் காய்த்துப்போகும். ஆனால், நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் அந்தக் குணம் கிடையாது. அவை அடிபட அடிபடச் சேதம்தான் ஆகும்.

சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ளங்கையைத் தொட்டுப்பாருங்கள். அங்கே விரல்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு தமனி, கொக்கி போன்ற எலும்பை ஒட்டி, அதிகப் பாதுகாப்பில்லாமல் போகிறது. அந்த இடத்தில் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் தமனியின் சுவர் சேதமாகி, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். உள்ளங்கையைச் சுத்தியல்போலப் பயன்படுத்தும் தச்சர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் வருவதால், மருத்துவர்கள் இதை 'ஹைப்போதீனார் ஹேமர் சிண்ட்ரோம்' என்கிறார்கள். தற்காப்புக்கலை பயில்பவர்களுக்கும் இது வந்திருக்கிறது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் சில்லிட்டு வெளுத்துப்போவது இதன் அடையாளம்.

'முன்னெல்லாம் வலிக்கும், இப்போது வலிக்கவே இல்லை' என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பயிற்சி பலித்ததால் வலி போயிருக்கலாம். நரம்பு மரத்துப்போனதாலும் போயிருக்கலாம். விரல் நுனியில் துணியின் மென்மையும் தண்ணீரின் சூடும் முன்புபோலவே தெரிகின்றனவா என்று பார்ப்பதே சரியான சோதனை.

தைலத்திலும் கவனம்

இந்தப் பயிற்சியோடு சேர்ந்தே வரும் தைலத்துக்கு 'தியே தா ஜியூ' என்று பெயர். சாராயத்தில் மூலிகைகளை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊறவைத்துத் தயாரிப்பது. குந்திரிக்கம், வெள்ளைப்போளம் போன்றவை அதில் சேரும். ஆசானுக்கு ஆசான் செய்முறை மாறும்.

சில செய்முறைகளில் வச்சநாபி வகைக் கிழங்கும் சேர்கிறது. அது இதயத்துடிப்பையே தடுமாறவைக்கும் விஷம். எனவே இந்தத் தைலத்தைக் குடிக்கவே கூடாது. வெடிப்பு, சிராய்ப்பு, காயம் உள்ள தோலில் பூசக் கூடாது. தேய்த்த கையோடு சாப்பிடக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். என்ன சேர்ந்தது என்று எழுதாத பாட்டிலை வாங்காமலிருப்பதே நல்லது.

மறக்கக் கூடாதவை

* எலும்பு வளரும் வயதில் இந்தப் பயிற்சி வேண்டாம். எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு அடிபட்டால் விரலின் வளர்ச்சியே கோணலாகலாம். 18 வயதுக்கு முன் தண்டால், கைப்பிடிப் பயிற்சி, அடவுகள் போதும்.

* நேரில் பார்த்துத் திருத்தும் ஆசான் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

* தொடக்கத்தில் சில நிமிடங்கள் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வது நல்லது.

* பைக்குள் ஈயக் குண்டு போடக் கூடாது. ஈயத்தூள் உடலுக்குள் போனால் நஞ்சு.

* மறுநாள் காலையிலும் வலியோ வீக்கமோ இருந்தால் அன்று பயிற்சி கிடையாது. முழுதாகச் சரியான பிறகே அடுத்த முறை.

* விரல் மரத்துப்போனால், சில்லிட்டால், டம்ளரைப் பிடிக்கும் பிடி தளர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

* எலும்பு தேய்மானம், முடக்குவாதம், நரம்பு பாதித்த சர்க்கரைநோய் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

கூ ரூஜாங்கின் புகைப்படத்தில் பதிவானது ஒரே ஒரு விநாடி. அதற்கு முன்னால் பயறுப் பைமேல் விழுந்த கையும், தைலம் தேய்த்த இரவுகளும், எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்த மாதங்களும் அந்தப் படத்தில் இல்லை. அடுத்தமுறை ரீல்ஸில் ஓடு உடையும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பிள்ளையிடம் அந்த மிச்சக் கதையையும் சொல்லிவிடுங்கள்.