காத்தவரைக் காத்தல்

இடர் நேர்ந்த காலத்துத் தம் உயிரைப் பொருட்படுத்தாது பிறரைக் காக்க விரைவோரைப் புகழாத நாடு இல்லை. ஆயின், புகழ்மொழி ஓய்ந்த பின்னர் அவர்கள் நோயுற்றால், மருந்தளிக்கும் பொறுப்பு யாருடையது? இவ்வினாவிற்கு அமெரிக்க நாடு விடை கண்ட வரலாறு அறியத்தக்கது.

2001ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள், நியூயார்க் நகரில் 110 மாடிகளுடன் வானளாவி நின்ற உலக வணிக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள், கொடியோர் கைப்பற்றிச் செலுத்திய விமானங்களால் தாக்குண்டு வீழ்ந்தன. அங்கு மாண்டவர் 2,753 பேர். அவருள் 343 பேர் பிறரை மீட்கச் சென்ற தீயணைப்புத் துறையினர்.

கோபுரங்கள் வீழ்ந்தபொழுது சிமிட்டியும் கண்ணாடி இழையும் கல்நாரும் ஈயமும் பொடிபட்டுப் பெரும்புழுதியாய் எழுந்து தெருக்களை மூடின. இடிபாட்டினுள் கனன்ற தீ டிசம்பர்த் திங்கள் வரை அணையவில்லை. அப்புழுதியிலும் புகையிலும் நின்று, தீயணைப்போரும் காவலரும் கட்டடத் தொழிலாளரும், பல மாநிலங்களினின்றும் தாமாகவே வந்த தொண்டரும் உழைத்தனர். அப்பணி 2002 மே வரை நீண்டது. காற்று தீங்கற்றது எனச் சுற்றுச்சூழல் காப்புத் துறை ஒரு வாரத்தில் அறிவித்தது. மக்கள் தம் இல்லங்களுக்குத் திரும்பினர். அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளியொன்றும் ஒரு திங்களுக்குள் மீண்டும் திறக்கப்பட்டது.

புழுதி செய்த தீங்கு உடனே முழுதும் வெளிப்படவில்லை. முதலில் ஓயாத இருமல் தோன்றிற்று. பின்னர் ஈளை நோய் பற்றிற்று. ஆண்டுகள் பல கழிந்தபின் சிலருக்குப் புற்றுநோய் கண்டது. உடலிற் பட்ட காயம் கண்ணுக்குத் தெரியும். நுரையீரலில் தங்கிய துகளை யார் காண்பார்? இந்நோய் அப்புழுதியால் வந்ததே என மெய்ப்பிக்குமாறு கேட்டால், தனியொருவர் யாது செய்வார்? ஊதியம் கருதாது வந்த தொண்டருக்கோ பொறுப்பேற்கும் முதலாளியும் இல்லை. அந்நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு பிணைந்தது. ஆதலின், நோயால் வேலையை இழந்தோர், மருந்து மிகுதியும் வேண்டிய காலத்திலேயே காப்பீட்டையும் இழக்க நேர்ந்தது.

இக்குறையைப் போக்கப் பலர் நெடுங்காலம் போராடினர். இடிபாட்டில் உழைத்து, மூச்சு நோயால் துன்புற்று, 2006இல் தம் 34ஆம் அகவையில் மறைந்த ஜேம்ஸ் சட்ரோகா என்னும் காவல்துறைத் துப்பறிவாளர் பெயரால் ஒரு சட்டம் 2010 டிசம்பரில் நிறைவேறியது. 2011 சனவரி 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒபாமா அதில் ஒப்பமிட்டார்.

இச்சட்டத்தின் அமைப்பு நுட்பமானது. மீட்புப் பணியாளர், அப்பகுதியில் வாழ்ந்தோர், பயின்றோர், தொழில் செய்தோர் ஆகியோர் அனைவரும் இதனுள் அடங்குவர். புழுதியால் வரக்கூடிய நோய்கள் ஒரு பட்டியலில் தொகுக்கப்பெற்றன. ஒருவர் அங்கிருந்தமையும், அவர்தம் நோய் அப்பட்டியலைச் சார்ந்தது என்பதும் மருத்துவரால் உறுதிசெய்யப்பட்டால், கட்டணமின்றி மருத்துவம் கிட்டும். பல்வகைப் புற்றுநோய்கள் 2012இல் சேர்க்கப்பட்டன. செலவில் பத்தில் ஒரு பங்கை நியூயார்க் நகரும், எஞ்சியதை நடுவணரசும் ஏற்கின்றன.

ஐந்தாண்டுக்கென வகுத்த இத்திட்டத்தை 2015இல் 2090ஆம் ஆண்டு வரை நீட்டித்தனர். ஏன் அத்துணை நெடுங்காலம்? அன்று தொட்டிலிற் கிடந்த குழந்தைக்கு 2090இல் 89 வயதாகும். அக்குழந்தையின் இறுதி மூச்சு வரை துணைநிற்பதே நேர்மை அன்றோ? எனினும், காலத்தை நீட்டித்தால் மட்டும் போதாது. பதிவு செய்தோர் தொகை ஒரு லட்சத்தைக் கடந்தது. அவர்கள் முதுமையுற, செலவும் பெருகியது. ஆகவே 2022இல் நாடாளுமன்றம் மேலும் 100 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

அன்று ஒரே நாளில் மாண்ட தீயணைப்போர் 343 பேர். பின்னாளில் அப்புழுதி தந்த நோய்களால் மாண்ட தீயணைப்போர் தொகையும் இன்று அவ்வெண்ணைக் கடந்துவிட்டது. முதலில் மாண்டார்க்கு நினைவுச்சின்னம் உடனே திட்டமிடப்பட்டது. நோயுற்றார்க்கு உறுதியான மருத்துவம் கிட்டவோ ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின.

வீழ்ந்தார்க்குக் கல் நாட்டுதல் எளிது. எஞ்சினார்க்கு நாள்தோறும் மருந்தளித்தல் அரிது. அரிதாகிய அதனையும் காலந்தாழ்த்தாது செய்வதே செய்ந்நன்றி அறிதலாகும்.